குன்றுக்கு ஒரு சிலந்தி: கதவு வைத்து வாழும் லிபிஸ்டிடே குடும்பம்

தைப்பூசத்தை ஒட்டிச் சிங்கப்பூரிலிருந்து பேருந்து பேருந்தாகப் பத்துமலைக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர், 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையை வணங்கி, 272 படிகளையும் ஏறி, மேற்குகையில் வழிபட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். படிக்கட்டின் மேற்பகுதியில் பக்கவாட்டில் பிரியும் இருட்டுக் குகையைக் கவனிப்போர் குறைவு. அந்தக் குகையின் சுவரில், மண்ணும் பட்டிழையும் கலந்து கட்டிய குழல்களுக்குள், வாசலுக்குக் கதவு வைத்துக்கொண்டு ஒரு சிலந்தி வாழ்கிறது. லிபிஸ்டியஸ் பட்டுயென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஏப்ரகாம் என்னும் ஆய்வாளர் 1923ஆம் ஆண்டு அதை விவரித்தபோது, அது வாழும் மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

‘உலகிலேயே மிக அரிய சிலந்தி’ என்ற பட்டமும் சுற்றுலாப் பயணிகளுக்காக அதற்குக் கொடுக்கப்படுவதுண்டு. அந்தப் பட்டத்தைவிட, அது பிறந்த லிபிஸ்டிடே குடும்பத்தின் வரலாறே கூடுதல் வியப்புக்குரியது என்பது என் கருத்து. இக்குடும்பம் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என்ற இரு கேள்விகளுக்கும் விடை தேடினால், சிலந்தியைப் பற்றி மட்டுமன்றி, நாம் காலூன்றி நிற்கும் இந்த நிலத்தைப் பற்றியும் பலவற்றை அறியலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. மண்ணில் வளை தோண்டி, அதன் வாயைக் கீலுள்ள மூடியால் அடைத்துக்கொள்ளும் சிலந்திகள் எல்லாவற்றையும் பொதுவாகக் கதவுச் சிலந்திகள் என்கிறோம். ஆனால் அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இந்தியா எனப் பல பகுதிகளில் பல குடும்பங்கள் இந்தப் பழக்கத்தைக் கொண்டுள்ளன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காணப்படும் கதவுச் சிலந்திகளில் பல இடியோபிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை பெரிய மயிர்ச்சிலந்திகளான டரன்டுலாக்களுக்கு உறவு. லிபிஸ்டிடே குடும்பமோ அந்த உறவு வட்டத்திற்கும் வெளியே நிற்கிறது. உலகில் இன்று பெயரிடப்பட்டுள்ள சிலந்திச் சிற்றினங்கள் 50,000க்கும் அதிகம். சிலந்திக் குலத்தின் மரத்தில் அடிமரம் முதன்முதலாக இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒரு கிளையில் அந்த 50,000மும் அடங்கிவிட, மறு கிளையில் எஞ்சி நிற்பவை இந்தச் சிலந்திகள் மட்டுமே.

அதற்கான சான்று அவற்றின் வயிற்றிலேயே இருக்கிறது. வீட்டுச் சுவரில் காணும் சிலந்தியின் வயிறு மழமழப்பான ஒரு பை போல இருக்கும். லிபிஸ்டிடே சிலந்தியின் வயிற்றின் மேற்புறத்திலோ, வரிசையாக அடுக்கிய ஓடுகளைப் போலத் தட்டுகள் தெரியும். சிலந்திகளின் முன்னோர் தேளைப் போலக் கண்டம் கண்டமாகப் பிரிந்த உடலைக் கொண்டிருந்தன என்பதை இந்தத் தட்டுகள் இன்றும் காட்டுகின்றன. இரண்டாவது வேறுபாடு, இழை நூற்கும் காம்புகள் அமைந்துள்ள இடம். மற்றச் சிலந்திகளில் அவை வயிற்றின் கடைக்கோடியில் இருக்கும். இவற்றில் வயிற்றின் அடிப்புறத்து நடுவில் இருக்கின்றன. இந்தக் கிளைக்கு வழங்கும் மீசோதெலே என்ற கிரேக்கப் பெயருக்கு ‘நடுக்காம்பின’ என்றுதான் பொருள். கிரேக்கர்களிடம் கடன் வாங்கிய மற்றொரு பெயரான ஹெப்டாதெலா ‘ஏழு காம்பு’ எனப் பொருள்படும். எட்டுக் காம்புகளில் பின்னிணை ஒன்றாகிவிட்டதால் எண்ணிக்கை ஏழாகக் குறைந்த பேரினம் அது. வகைப்பாட்டியலாளர் வைக்கும் பெயர்கள் வாயில் நுழைவதில்லை என்று நாம் அலுத்துக்கொண்டாலும், இந்தப் பெயர்கள் இரண்டும் வேலை செய்து ஊதியம் வாங்கும் பெயர்கள்.

இச்சிலந்திகளுக்கு நஞ்சுச் சுரப்பிகளே இல்லை என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டு வந்தது. 2010ஆம் ஆண்டு வெளிவந்த நுண்ணோக்கி ஆய்வு ஒன்று, சிறியவையானாலும் சுரப்பிகள் உண்டு என்று காட்டி அதைத் திருத்தியது. பழைய நூல்களை வைத்து எழுதுவோர் இன்றும் அந்தப் பிழையைத் திரும்பத் திரும்ப எழுதுவதைக் காணலாம்.

இனிக் கதவுக்கு வருவோம். லிபிஸ்டியஸ் பேரினத்துச் சிலந்தி, நிழலும் ஈரமும் உள்ள மண்சரிவில், பெரும்பாலும் காட்டுப்பாதையின் வெட்டப்பட்ட கரையிலோ ஓடைக்கரையிலோ, குழல் போன்ற வளையைத் தோண்டி உட்புறம் முழுவதும் இழையால் மெழுகுகிறது. வாயை மூடும் மெல்லிய கதவு, இழையோடு மண்ணும் பாசியும் சேர்த்துக் கட்டியது. மேல் விளிம்பில் இழையாலான கீலில் தொங்குகிறது. ஆகவே சிலந்தி கையை எடுத்தவுடன் கதவு தன் எடையாலேயே விழுந்து மூடிக்கொள்ளும். மூடியபின் சுற்றியுள்ள பாசியோடு அது கலந்துவிடுவதால், கண் முன்னால் இருந்தாலும் தெரியாது. நம் வீட்டுக் கதவைப் போலத் திருடனைத் தடுக்க அது வைத்திருப்பதாக எண்ணிவிடக் கூடாது. மழைநீர் புகாமல் காப்பதும், வளைக்குள் ஈரம் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், குளவி போன்ற எதிரிகளின் கண்ணில் படாமல் மறைப்பதும் அதன் வேலைகள். வேட்டைக்கு அது ஒரு திரை.

வேட்டையின் நுட்பம் கதவுக்கு வெளியே தொடங்குகிறது. லிபிஸ்டியஸ் தன் வாசலின் விளிம்பிலிருந்து, கோலத்தின் கதிர்க்கோடுகளைப் போல, ஆறு, ஏழு, எட்டு என உறுதியான இழைகளைத் தரையின் மீது நீட்டி வைக்கிறது. இரவில் கதவுக்குச் சற்று உள்ளே வந்து, முன்கால்களை இந்த இழைகள் வாசலைத் தொடும் இடத்தில் ஊன்றிக் காத்திருக்கிறது. எறும்போ வண்டோ சிள்வண்டோ கரப்பானோ அவற்றில் ஒன்றைத் தட்டி இடறினால், எந்த இழை அதிர்ந்தது என்பதைக் கால் உணர்ந்துவிடும். கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, இரையைப் பற்றி, மீண்டும் உள்ளே இழுத்துச் சென்றுவிடும். எட்டுக் கண்களும் தலையில் ஒரு சிறு மேட்டின் மீது நெருங்கி அமைந்திருந்தாலும், இந்த வேட்டையில் அவற்றுக்குப் பெரிய பங்கில்லை. எல்லாம் தொடுவுணர்வின் கணக்குதான். காற்றில் வலை விரித்துப் பூச்சிக்காகக் காத்திருக்கும் சிலந்திகள் நமக்குப் பழகியவை. தரையில் கிடக்கும் இந்தச் சில இழைகள், பட்டிழை முதலில் என்ன பயனுக்கு உதவியிருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வைக்கின்றன. ஹெப்டாதெலா முதலிய வடக்கத்திய பேரினங்கள் இந்த இழைகளைக்கூட நீட்டுவதில்லை. கதவின் ஓரம் வழியே வரும் அதிர்வையே நம்பியிருக்கின்றன.

பெண் சிலந்தி பிறந்து பருவமடைந்தபின் தன் வளையை விட்டு வெளியே குடிபெயர்வது அரிது. வளர்ந்த பிறகும் தோலுரித்துக்கொண்டே பல ஆண்டுகள் அதே வளையில் வாழ்கிறது. முட்டைப்பையையும் அங்கேயே வைத்துக் காக்கிறது. ஆண் மட்டும் பருவம் வந்ததும் வளையைத் துறந்து, இணை தேடித் தரையில் அலைகிறது. குஞ்சுகள் தாயின் வளைக்கு அருகிலேயே, கையளவு தொலைவில், சிறு சிறு கதவுகளோடு தங்கள் வளைகளைத் தோண்டிக்கொள்வதால், ஒரு சரிவில் பெரிதும் சிறிதுமாகப் பல வாசல்கள் கூடியிருப்பதைக் காண முடியும்.

இந்த வாழ்க்கை முறைதான் அவற்றின் வரைபடத்தை எழுதியது. பல சிலந்திகளின் குஞ்சுகள் காற்றில் இழையைப் பறக்கவிட்டு, அதைப் பற்றிக்கொண்டு மைல்கணக்கில் மிதந்து செல்லும். நடுக்கடலில் செல்லும் கப்பலின் பாய்மரத்தில்கூட அவை வந்திறங்கியது உண்டு. லிபிஸ்டிடே குடும்பத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது காலால் நடந்து செல்லக்கூடிய தொலைவு மட்டுமே பரவும். அதிலும் நிழல், ஈரம், இறுகிய மண், நீர் தேங்காமல் வழிந்தோடும் சரிவு ஆகிய நான்கும் ஒருங்கே கிடைக்க வேண்டும். இடையில் அகன்ற ஆறோ வறண்ட சமவெளியோ குறுக்கிட்டால், அந்தப் பக்கத்துச் சிலந்திகளும் இந்தப் பக்கத்துச் சிலந்திகளும் மீண்டும் சந்திப்பதில்லை. காலம் செல்லச் செல்ல இரண்டும் வெவ்வேறு சிற்றினங்களாகின்றன. ‘குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான்’ என்பது நம் வழக்கு. இந்தக் குடும்பத்தில் குன்றிருக்கும் இடத்தில் எல்லாம் சிலந்தி இருந்தாலும், ஒரு குன்றில் இருப்பது அடுத்த குன்றில் இருப்பதில்லை. தாய்லாந்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட லிபிஸ்டியஸ் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டிருப்பதும், அவற்றில் பல ஒரே மலைத்தொடரிலோ ஒரே குகையிலோ அடங்கிவிடுவதும் இதனால்தான்.

குடும்பம் முழுவதும் ஆசியாவிலேயே, அதுவும் அதன் கிழக்குப் பகுதியிலேயே வாழ்கிறது. லிபிஸ்டியஸ் பேரினம் மியன்மார், தாய்லாந்து, லாவோஸ், தீபகற்ப மலேசியா, சுமத்ரா ஆகியவற்றுக்கு உரியது. முதல் சிற்றினமான லிபிஸ்டியஸ் டெசல்டர் பினாங்கிலிருந்து கிடைத்தது. டென்மார்க் நாட்டு ஆய்வாளர் ஷியோட்டே அதை 1849ஆம் ஆண்டு விவரித்தார். பின்னர் சுமத்ராவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் 1890களில் புதியவை வந்தன; 1984இல் பிளாட்னிக், செட்ஜ்விக் இருவரும் இப்பேரினத்தைத் திருத்தி எழுதியபோது லங்காவியும், நமக்கு எதிர்க்கரையான ஜொகூரும் சிலந்திப் பெயர்களாயின. வியட்னாமிலும் தென்சீனாவிலும் வினாதெலா, சொங்தெலா, கந்தெலா ஆகியவையும், ஹைனானில் சியொங்தெலாவும், அதற்கும் வடக்கே, குளிர்காலத்தில் பனி பொழியும் ஷாண்டோங் வரை வேறொரு பேரினமும் உள்ளன. கடலுக்கு அப்பால் ஜப்பானின் கியூஷூவிலும் அதன் தெற்குத் தீவுகளிலும் ஹெப்டாதெலாவும், ஓக்கினாவா பகுதியில் ரியூதெலாவும் வாழ்கின்றன. கியூஷூவின் ககோஷிமா பகுதியில் கிடைத்த ஹெப்டாதெலா கிமுராய் 1920இல் பெயரிடப்பட்டது. ஜப்பானியர் அதை இன்றும் ‘கிமுரா சிலந்தி’ என்றே அழைக்கின்றனர். வடக்கத்திய பேரினங்களைத் தனிக் குடும்பமாகவே பிரித்துவிட வேண்டும் என்னும் ஆய்வாளரும் உண்டு. இக்கட்டுரையில் பழைய வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக வைத்திருக்கிறேன்.

மேற்கில் மியன்மாரோடு வரைபடம் முடிந்துவிடுகிறது. இந்தியாவிலோ இலங்கையிலோ இக்குடும்பம் பதிவாகவில்லை. போர்னியோவிலும் இல்லை என்பது இன்னும் சுவையான செய்தி. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, மலாயாத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ அனைத்தும் சுண்டா நிலம் என்ற ஒரே பெருநிலமாக இருந்தன. சிங்கப்பூர் அப்போது தீவே அல்ல. அந்த நிலத்தின் நடுவில் எழுந்த சில குன்றுகள் மட்டுமே. மலாக்கா நீரிணையின் இரு கரைகளிலும் லிபிஸ்டியஸ் இருப்பதற்கு அந்தப் பழைய நிலத்தொடர்பு எளிய விளக்கம் தருகிறது. ஆனால் அதே நிலத்தொடர்பு போர்னியோவுக்கும் இருந்தும் சிலந்தி அங்கே சென்று சேரவில்லை. நிலம் ஒட்டியிருந்தால் மட்டும் போதாது, அடி அடியாக நகரும் உயிருக்கு வழி நெடுகிலும் சரிவும் நிழலும் வேண்டும் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

காலக்கணக்கில் இன்னும் பின்னால் சென்றால் கதை ஆசியாவை விட்டே வெளியேறுகிறது. இந்தக் கிளையின் மிகப் பழைய புதைபடிவங்களில் ஒன்று பிரான்சின் மொன்சோ-லே-மீன் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் கிடைத்தது. 1996ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டு, இன்று பாலியோதெலே என்ற பெயரால் அறியப்படும் அந்தச் சிலந்தியின் வயது ஏறக்குறைய 300 மில்லியன் ஆண்டுகள். டைனசோர்கள் தோன்றுவதற்கு மிக முந்திய காலம். மியன்மாரின் ஏறத்தாழ 100 மில்லியன் ஆண்டுப் பழமையான பிசின்கற்களுக்குள்ளும் இந்தக் கிளையைச் சேர்ந்த, ஆனால் அழிந்துபோன வேறு குடும்பங்களின் சிலந்திகள் கிடைத்திருக்கின்றன. இவற்றை வைத்து லிபிஸ்டிடேவை ‘உயிருள்ள புதைபடிவம்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தத் தொடர் மீது அவ்வளவு மதிப்பு இல்லை. 300 மில்லியன் ஆண்டுகளாக ஒரு சிலந்தி மாறாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது.

2015ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வொன்று இந்த எண்ணத்தை நேரடியாகச் சோதித்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் லி டாய்ச்சினும் இடம்பெற்றிருந்த அனைத்துலகக் குழு, குடும்பம் பரவியுள்ள ஆசியப் பகுதி முழுவதிலிருந்தும் மாதிரிகளைத் திரட்டி, எட்டுப் பேரினங்களின் உறவையும் வயதையும் கணக்கிட்டது. கிளை மிகப் பழையது என்பது உறுதியானது. பண்டைய ஐரோப்பிய-அமெரிக்க நிலத்தில் தோன்றி, நிலவழியே கிழக்கு நோக்கி வந்து, இன்றைய குடும்பமாக ஆசியாவில் உருக்கொண்டது சுமார் 58 முதல் 39 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் என்று அவர்களுடைய கணக்கு கூறியது. ஆனால் ஒவ்வொரு பேரினத்துக்குள்ளும் சிற்றினங்கள் பெருகியதோ 24 முதல் 4 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது, குலம் பழையது, குடிகள் புதியவர்கள். இந்தப் பரவல் முழுவதையும் விளக்கக் கடலைத் தாண்டிய பயணம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவுகளில் ஒன்று. ஜப்பானியத் தீவுகளில் இவை இருப்பதற்குக் காரணம் சிலந்தி கடலைக் கடந்தது அன்று. சிலந்தி நின்ற நிலத்தைக் கடல் வந்து பிரித்ததே காரணம்.

நகராமல் வாழ்வதில் ஒரு பெரும் பலவீனமும் உண்டு. பேராக்கில் ஈப்போவுக்கு வடக்கே உள்ள கந்தன் என்னும் சுண்ணாம்புக்கல் குன்றின் குகையிலிருந்து லிபிஸ்டியஸ் கந்தன் என்ற சிற்றினம் 1997இல் விவரிக்கப்பட்டது. (பெயரைக் கண்டு முருகனடியார்கள் மகிழலாம், ஆயினும் அது வந்தது குன்றின் பெயரிலிருந்துதான்.) அதே குன்றில்தான் சிமெண்ட்டுக்காகக் கல் வெட்டப்படுகிறது. பறவையாக இருந்தால் அடுத்த குன்றுக்குப் பறந்துவிடும். குகைச் சுவரில் குழல் கட்டி வாழும் சிலந்திக்கு அந்தக் குன்றே உலகம். குன்று போனால் உலகத்தோடு சிற்றினமும் போய்விடும். அரிய சிலந்திகளை விலைக்கு வாங்கி வளர்ப்போரின் ஆசையும் ஒரு தொல்லை. ஒரு சரிவில் உள்ள பெரிய வாசல்கள் எல்லாம் முட்டையிடும் பெண்களுடையவை என்பதால், அவற்றை மட்டும் தோண்டி எடுத்துச் சென்றால் அந்தச் சரிவு பல ஆண்டுகளுக்கு மீளாது.

சிங்கப்பூரின் நிலையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டங்களுக்காகத் தொடங்கிய காடழிப்பும், பின்வந்த நகர வளர்ச்சியும் சேர்ந்து, இத்தீவின் மூலக் காட்டில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டதை 2003இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. எஞ்சியவை பெரும்பாலும் புக்கிட் தீமாவிலும் மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் நிற்கின்றன. கதவுச் சிலந்தியின் கண்ணோடு பார்த்தால், மரம் வெட்டப்பட்டது பாதி இழப்புதான். குன்றுகள் மட்டமாக்கப்பட்டதும், சரிவுகளுக்குச் சிமெண்ட் பூசப்பட்டதும், ஓடைகள் காங்கிரீட் கால்வாய்களானதும் மறு பாதி. மரத்தை மீண்டும் நடலாம், நட்டும் வருகிறோம். நிழலில் பல்லாண்டுக் காலம் குலையாமல் கிடந்த மண்கரையை நட்டு வளர்க்க வழியில்லை.

ஆனாலும் வளைவாழ் சிலந்திகளின் வரலாற்றில் சிங்கப்பூருக்கு ஓர் இடம் உண்டு. பெல்ஃபாஸ்ட் நகரத்து வணிகரும் சிலந்தி ஆர்வலருமான தாமஸ் வொர்க்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே சிலந்திகளைச் சேகரித்தார். அவருடைய பெயரால் சுவீடன் நாட்டு அறிஞர் தோரெல் 1891இல் விவரித்த டமார்க்கஸ் வொர்க்மனி, சிங்கப்பூரிலும் தீபகற்ப மலேசியாவிலும் தாய்லாந்திலும் சுமத்ராவிலும் வாழும் மண்வளைச் சிலந்தி. அது லிபிஸ்டிடே அன்று. டரன்டுலாக்களின் பக்கத்து உறவு. வயிற்றில் தட்டுகள் இல்லை, இழைக்காம்புகள் பின்கோடியில் உள்ளன. என்றாலும் அதன் பரவல் வரைபடத்தை லிபிஸ்டியஸின் வரைபடத்தின் மேல் வைத்தால் இரண்டும் பெருமளவு பொருந்துகின்றன. சுண்டா நிலத்தின் மேற்குப் பாதியில் ஒரே மண்ணை நம்பி வாழ்ந்த இரு வேறு குலங்கள் என்று இவற்றைக் கருதலாம்.

நம் இயற்கை வனப்பகுதிகளில் எந்த உயிரையும் எடுப்பதும் அதன் இருப்பிடத்தைக் கலைப்பதும் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், பென்சில் முனையால் கதவை நிமிர்த்திப் படம் எடுக்கும் பழக்கத்தைக் கைவிடுவது நல்லது. கீல் அறுந்தால் சிலந்தி அதைப் புதிதாக நெய்து முடிக்கும்வரை வளை திறந்தே கிடக்கும். லிபிஸ்டியஸை அதன் இடத்திலேயே பார்க்க விரும்புவோர் பினாங்குக் கொடிமலைக்குச் செல்லலாம். 1849இல் உலகுக்கு அறிமுகமான அதே டெசல்டர் அந்த மலையில் இன்றும் வாழ்கிறது. இருட்டிய பின், பாதையோரத்துப் பாசிக் கரையில் கைவிளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், கதவு தெரியாவிட்டாலும், அதைச் சுற்றி நீட்டிய இழைகள் ஈரத்தில் மின்னுவது தெரியும்.